செக்குபந்தி

நீடாமங்கலம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் எனக்கொரு கம்ப்யூட்டர்.
பதினோரு வருஷமாகப் பத்திரம் தட்டுகிறேன்.
விடுதலைப் பத்திரம் என்றால்
திரையைப் பார்க்காமலே வரும்.

திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து,
இடுப்பில் பிள்ளையோடு வருவார்கள்.
எங்கே கையெழுத்து என்பதற்கு மேல்
எதுவும் கேட்க மாட்டார்கள்.
ஒருத்தி மட்டும் ஒருதரம்
படிச்சுக் காட்டு தங்கச்சி என்றாள்.
"யாருடைய தூண்டுதலும் இன்றி முழுமனதோடு"
என்ற இடம் வந்ததும்
மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு
மேலே படி என்றாள்.

இன்றைக்கு
எழுதிக் கொடுப்பவர்
கலியமூர்த்தி மகள் தில்லைநாயகி, வயது முப்பத்து நான்கு.
எழுதி வாங்குபவர் சிங்கப்பூரில் இருக்கிறார்.
அவருடைய பவர் ஏஜெண்டு
கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்,
மடியில் ஜவுளிக்கடைப் பை.
பைக்குள் எனக்கு எலுமிச்சை நிறத்தில் ஒரு பட்டு.
எனக்கு அந்த நிறம் ஆகாது.
அப்பாவுக்குத் தெரியாது.

நஞ்சை ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்.
அம்மாவுக்கு அவள் அப்பா எழுதி வைத்தது.
அந்த மனுஷனுக்கு எப்படித் தோன்றிற்றோ.

இதற்குச் செக்குபந்தி:
கணக்கன் வாய்க்காலுக்குத் தெற்கு,
ராமாமிர்தம் நஞ்சைக்கு மேற்கு,
வண்டிப்பாதைக்கு வடக்கு,
என்று தட்டிக்கொண்டே வந்து
விரல் நின்றுவிட்டது.

எனக்கும் ஒரு செக்குபந்தி உண்டு.
ஏழு மணி பஸ்ஸுக்குக் கிழக்கு.
அண்ணன் சொல்லுக்குத் தெற்கு.
இன்னும் வராத ஒரு வீட்டாருக்கு வடக்கு.
மேற்கே என்ன என்று கேட்டதில்லை.
கேட்டால் அப்பாவுக்கு மூச்சு வாங்கும்.

அந்த மூச்சுக்குத்தான்
தஞ்சாவூர் மெடிக்கலில் பத்தொன்பது நாள்
கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தேன்.
அண்ணன் வீடியோவில் அழுதான்.
வார்டே பார்த்தது.
பாசக்காரப் புள்ள என்றாள் ஆயா.
என்னிடம், மூத்திரப் பையை மாத்திட்டியா என்றாள்.
பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும் என்று
போகும்போது சித்தப்பா சொன்னார்.
கைமாத்து கேட்க வந்தவர் அவர்.

"பிரதிப்பிரயோஜனம்" என்ற இடத்தில்
வழக்கமாக ஒரு தொகை போடுவோம்.
கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.
பாய் என்று போட்டேன். அழித்தேன்.
வந்து பார்த்துவிட்டு
அப்பாவை யார் பார்த்துப்பா என்று கேட்டுப் போன
மன்னார்குடிக்காரரைப் போட்டேன்.
பெயர் மறந்துபோயிருந்தது.
அழித்தேன்.
நீலமேகம் சார் எட்டிப் பார்த்து
என்னம்மா, டோக்கன் பதினேழு நம்முது என்றார்.

கீழே இறங்கினேன்.
பதினாறாம் டோக்கனைக் கூப்பிடுவது
தெரு முழுக்கக் கேட்டது.
அப்பா, சர்வர் டவுனாம், என்றேன்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.
ஆபீஸ் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.
அப்ப ஒரு டீ சாப்புடுவோம் என்றார்.

ரெண்டு மடக்கு குடித்ததும்
முறைத்தண்ணி ராத்திரி வருதாம்,
நீதான் போயி மடையத் திறக்கணும் என்றார்.
பிறகு
டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குத் தண்ணீர் வந்தது.
சேறு முழங்கால் வரை இழுத்தது.
செல்போனை வாயில் கவ்வி
அந்த வெளிச்சத்தில் மண்ணை வெட்டினேன்.
ராமாமிர்தத்தின் வரப்பில் நின்று
யார்றா அது என்றது ஒரு குரல்.

வாயிலிருந்து போனை எடுத்துவிட்டு
சர்வே எண்ணைச் சொன்னேன்.